கோட்டின் மேல்

மின்கட்டண ரசீதின் முதுகில்
ஸீமோவித் நடுவே ஒரு கோடு கிழித்தான்:
இடப்பக்கம் வார்சா, வலப்பக்கம் வோவிச்.

இங்கே நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
அங்கே மூன்று அறை, நிலவறை,
சைக்கிளுக்கென்றே ஒரு கதவு.
இங்கே நாடக அரங்கு நடந்துபோகும் தூரம்.
கடைசியாக எப்போது போனோம் என்றேன்.
மை வராததுபோல
பேனாவை உதறினான்.

வீடு காட்டிய ஹல்ஷ்கா
சாவிக்கொத்தைக் குலுக்கிக் குலுக்கிச் சொன்னாள்,
"வார்சாவும் பக்கம், லோட்ஸும் பக்கம்."
பக்கம் என்பதை எந்தப் படிக்கல்லால் நிறுப்பது?
ஜன்னலைத் திறந்தேன்.
சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது;
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
நாற்பதில் விட்டேன்.

"ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்கு?"
"தெரியாதே" என்றாள்
பதினேழு வருடமாக அங்கேயே இருப்பவள்.
"எனக்குத் தேவைப்பட்டதில்லை."

திரும்பும் வண்டியில் நாங்கள் பேசவில்லை.
சோகாசெவ் தாண்டியதும்
அவன் ரசீதை எடுத்து முழங்காலில் விரித்தான்.
அந்தப் பதிலை
எந்தப் பக்கம் எழுத?
பேனா கோட்டின் மேலேயே நின்றது.
மை ஊறி ஊறி
அந்த இடத்தில் மட்டும்
கோடு தடித்துப்போயிற்று.