விழும் விளிம்பு

பதினாறாம் கொண்டை ஊசியில்
பனி வண்டியில் ஏறிக்கொண்டது.
சித்திரையிலும் இப்படித்தான்.
எஸ்டேட் கேட்டில் இறங்கியது.

பல்ப்பர் கொட்டகையின் பின்னறையில் இருக்கிறது என் பெட்டி.
பாறையோடு சிமெண்ட் வைத்துப் பூசிய ஒரு காது,
நில அதிர்வுக்கு.
பக்கத்தில் ஒரு கடிகாரம்.
கூரையில் கவிழ்த்த டம்ளர் அளவில் ஆண்டெனா.
சில்வர் ஓக் மறைக்காத துண்டு வானத்தில்
ஏழு செயற்கைக்கோள், சில நாள் எட்டு.

மேலிருந்து இரண்டு சேதி வரும்.
ஒன்று வாக்கியம். இது எந்த நொடி என்று
சாவகாசமாக, காற்புள்ளிகளோடு சொல்லும்.
மற்றது துடிப்பு. ஒன்றும் சொல்லாது.
சுழியத்திலிருந்து மூன்று வோல்டுக்கு எழும்.
நொடி அங்கே தொடங்குகிறது.
நூறு மில்லிநொடி அப்படியே நின்று
பிறகு விழும்.
விழுவதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

மார்கழியில் இதை நிறுவியபோது
பூக்காரி முழம் போடுவதைப்போலக் கேபிளை அளந்தேன்.
முப்பது மீட்டர். மீட்டருக்கு ஐந்து நானோநொடித் தாமதம்.
நூற்றைம்பதைக் கழித்து எழுதி
தீர்த்தகிரி சாருக்குப் படம் அனுப்பினேன்.
பூச்செண்டு போட்டார்.

அடுத்த வரியில் ஓர் எண் இருந்தது.
எழும் விளிம்பா, விழும் விளிம்பா என்று கேட்கும் எண்.
பழைய பலகையில் ஒன்று என்றால் எழுவது.
இந்தப் பலகையில் ஒன்று என்றால் விழுவது.
ஒன்று என்றே வைத்தேன்.

நூற்றைம்பதைக் கழிக்கத் தெரிந்த கைக்குப்
பத்துக் கோடி நானோநொடி தட்டுப்படவில்லை.

மலையடியில், வெள்ளைக்கல் குவாரியில்
வாரத்துக்கு மூன்று நாள்
மதியம் ஒரு மணிக்குச் சங்கு, பிறகு வெடி.
என் மூன்று பெட்டிகளும் கேட்கும்.
எது முதலில் கேட்டது, எது பிறகு என்பதை வைத்து
வரைபடம் ஒரு புள்ளி வைக்கும்.
நான்கு மாதத்தில் நாற்பத்தொன்பது வெடி.
அத்தனை புள்ளியும் அனுமதித்த குழிக்குள்ளேயே.

கரட்டடி அலமேலு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
சுவர் விரிசலின் நுனியில் பென்சிலால் தேதி போட்டிருந்தார்.
விரிசல் நீள நீளத் தேதியும் கூடவே போயிருந்தது,
காலண்டர் ஆணியைச் சுற்றிக்கொண்டு, அடுப்பு மேடை வரை.
“எங்க வேலிக்கு அந்தாண்டதானுங்க வெக்கிறாங்க.”
வரைபடத்தைக் காட்டினேன்.
லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
“மோர் குடிக்கிறீங்களா?” என்றார்.
குடித்தேன்.

இன்று அலைகாட்டியை மாட்டியது வேறு வேலைக்கு.
பச்சைக் கோடு எழுந்தது. கடிகாரம் பேசாமல் இருந்தது.
கோடு விழுந்தது. கடிகாரம் நொடி என்றது.
மறுபடி பார்த்தேன்.
மறுபடி.
தகரத்தின் மேல் குரங்கு ஓடியது.

நொடியில் பத்தில் ஒரு பங்கு.
பாறைக்குள் அதற்குள் அதிர்வு
அரைக் கிலோமீட்டர் போய்விடும்.
மலைக் கடிகாரம் அவ்வளவு பிந்தி ஓடியதால்
வெடியை முந்திக் கேட்டதாகக் குறித்து,
புள்ளிகளைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது.

ஒன்றை அழித்துச் சுழியம் போட்டேன்.
பழைய நாற்பத்தொன்பதையும் மறுகணக்குக்கு விட்டேன்.
ஒவ்வொன்றாகக் குழியைவிட்டு எழுந்து
தெற்கே நடந்து
வேலிக்கு அந்தாண்ட போய் உட்கார்ந்தன.

சாரை அழைத்துச் சொன்னேன்.
சிவப்பு விளக்கு பதினொரு முறை சிமிட்டும் வரை
அந்தப் பக்கம் பேச்சில்லை.
“அறிக்கை போயிடுச்சேம்மா. கையெழுத்து என்னுது.”
“எண்ணு என்னுது சார்.”
மேலும் நான்கு.
“திருத்தம்னு போட்டு அனுப்பு. காரணத்தையும் எழுது,
கேபிள் கதையெல்லாம் வேண்டாம்.”

மணி ஒன்றாக ஒரு நிமிடம் இருந்தது,
இந்த முறை நிஜமாகவே ஒரு நிமிடம்.
அலமேலுவைக் கூப்பிட்டேன்.
எடுத்தவுடன் சொன்னார்:
“செத்த இருங்க, சங்கு ஊதறான்.
பரண் மேல இருக்கற பாத்திரத்தையெல்லாம்
எறக்கி வெச்சுட்டு வந்தர்றேன்.”