மூன்றாம் கேள்வி

ஒரு பக்கத் தாள்.
தலைப்பில் தடித்த எழுத்து: மீள்திறன் மதிப்பீடு.
பெயர் வேண்டாம், பதிவெண் போதும் என்கிறார்கள்.
எண்பத்திரண்டு பேருக்கு மூன்று மின்விசிறி,
அதிலொன்று சுற்றுவதாக நடிக்கிறது.
வருகிற திங்களிலிருந்து
நாங்கள் மாணவிகள் இல்லை.

முதல் கேள்வி சுலபம்.
நன்றாகத் தூங்குகிறீர்களா?
உசிலம்பட்டி வண்டியில் நின்றபடியே
ஊர் வரைக்கும் தூங்குவாள் ஒச்சம்மாள்.
ஐந்து போட்டாள்.
பார்த்து நானும் போட்டேன்.

இரண்டாவதை விட்டுவிடலாம்.

மூன்று:
துன்பத்துக்குப் பின் விரைவில் மீண்டுவிடுகிறேன்.
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்.

இதை எழுதியவருக்கு
யானைக்கல் வாழைமண்டி தெரியுமோ என்னவோ.
அங்கே தார் சுமந்தவர் எங்கள் பதினேழாம் கட்டில்.
உள்ளங்கையில் ஏறிய வாழைக்கறை
எந்த ஸ்பிரிட்டுக்கும் போகவில்லை.
கயிறு கயிறாய்ப் புடைத்த நரம்பு,
கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம் என்றார்கள்.
கண்ணைத் திறந்துகொண்டே
மூன்று முறை தவறினேன்.
'ஏந்தாயி, தார்ல சீப்பு எண்ணுறியா?'
வார்டே சிரித்தது.
கழிவறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் வரவில்லை.
சத்தத்தை மறைக்க வழியில்லாததால்
அழாமலே திரும்பி வந்தேன்.
நாலாவதை ஒச்சம்மாள் ஏற்றினாள்,
ஒரே குத்தில்.

நான்காம் நாள், விடிகாலை மூணேகால்.
அவர் நெஞ்சின் மேல் என் கை.
முப்பது, மறுபடி ஒன்று.
முப்பது, மறுபடி ஒன்று.
யாரோ தோளைத் தொட்டு நேரத்தைச் சொன்ன பிறகும்
ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருந்தேன்.
பிளாஸ்திரியை உரித்தபோது
புறங்கை முடி வலிக்குமே என்று
மெதுவாக உரித்தேன்.

நாற்பது நிமிடத்தில் புது விரிப்பு,
புது ஆள்,
அதே பதினேழு.

மறுநாள் காலை கோரிப்பாளையத்தில்
டீக்கு நின்றால் சுவரில் அவர்.
கறுப்புக் கண்ணாடி,
வேறு யாருடைய உடம்பிலோ கோட்டு.
மீளாத் துயரில்,
வாழைமண்டி சுமைதூக்குவோர், நண்பர்கள், மாப்பிள்ளைகள்.
கேஸ் ஷீட்டில் இல்லாத பெயரொன்று கொட்டை எழுத்தில்:
'சீப்பு' சோலைமலை.
பசை இன்னும் காயவில்லை.
அவர் என்னிடம் சொன்ன கேலி
அவர் பெயரும்தான் என்று
சுவர் சொல்லித் தெரிந்தது.

மேடையில் ஒருவர் ரப்பர் பேண்டை
இழுத்து இழுத்து விட்டுக் காட்டுகிறார்.
பாருங்கள், பழையபடி ஆகிவிட்டது.
முதல் வரிசையில்தான் இருக்கிறேன்,
கொஞ்சம் நீண்டுதான் இருந்தது.

மீள் என்றால் திரும்பு.
எங்கே?
மூன்று குத்துக்கு முன்பா,
முப்பதுக்கு முன்பா,
போஸ்டர் ஒட்டாத வெறும் சுவருக்கா?

தாளை வாங்க வருகிறார்கள்.
'என்னடி போட்ட?' எட்டிப் பார்க்கிறாள் ஒச்சம்மாள்.
மூன்றைச் சுழித்தேன், அழித்தேன்,
இரண்டைச் சுழித்தேன், அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து பொத்தலாகி
மேசை தெரிகிறது.
அப்படியே கொடுத்துவிட்டேன்.

இன்றிரவு அந்த வரிசை எனக்கு.
பதினேழில் மேலூர்க்காரர் ஒருவர்,
நரம்பே அகப்படாத கை.
இரண்டு தடவைதான் குத்துவேன்,
மூன்றாவது நீ என்று
ஒச்சம்மாளிடம் இப்போதே சொல்லிவைத்தேன்.
சரி என்று சொல்லவில்லை அவள்,
டப்பாவைத் திறந்து நீட்டினாள்.
புளிச்சோறு.
உப்பு கூட.
பாதியைத் தின்றேன்.