பதினேழாம் கேள்வி

சேர்க்காட்டில் அக்கினி நட்சத்திரம்.
விடைத்தாள் திருத்தும் கூடத்தில் இருபது மின்விசிறி,
ஒன்றிலிருந்தும் காற்று இறங்கவில்லை.
கட்டுக்குக் கட்டு நூல் அவிழ்க்கிறோம்.

பதினேழாம் கேள்வி:
பற்றுதல் குறித்த விலங்காய்வுகளின் வரம்புகளை எழுதுக.
விடைக்குறிப்பில்
மனிதருக்குப் பொருத்த முடியாது, இரண்டு.
விலங்குக்குத் துன்பம், இரண்டு.
எடுத்துக்காட்டு, ஒன்று.

காலையிலிருந்து முப்பது தாள்.
முப்பது குரங்குக் குட்டிகள்
கம்பித் தாயிடம் பால் குடித்துவிட்டு
ஓடிப்போய்த் துணித் தாயைக் கட்டிக்கொண்டன.
ஒரு தாளில் மட்டும் கம்பி
கம்பளி ஆகியிருந்தது.
அந்த ஒரு குட்டிக்கு
எழுத்துப் பிழையில் கொஞ்சம் சூடு.
அரை மதிப்பெண் குறைத்தேன்.

முப்பத்தோராவது தாள்.
பெயர் கிழித்தெடுத்த இடத்தில் ஒரு பொய்யெண்.
நீல மை, சாய்ந்த கையெழுத்து.

"எங்கள் ஊர் ஒடுகத்தூருக்கு மேற்கே.
தை மாதம் ஈன்ற கன்று
மூன்றாம் நாள் செத்துவிட்டது.
மாடு பாலை இறக்கவில்லை.
அப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் ஷாப்பு வேலை.
உரிக்கத் தெரியும், உப்புக் கட்டத் தெரியும்.
வைக்கோல் திணித்துத் தைத்தது நான்.
காலுக்கு மூங்கில் குச்சி.
கண் இருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டோம்.
மாடு நக்கியது.
பால் இறங்கியது.
இரண்டு வேளையும் சொசைட்டிக்கு ஊற்றினோம்,
என் செமஸ்டர் ஃபீஸ் அதில்தான் கட்டியது.
பங்குனியில் நக்கி நக்கித் தையல் பிரிந்தது.
வைக்கோல் வெளியே வந்தது.
மாடு அதைத் தின்றது.

வரம்பு கேட்டிருக்கிறீர்கள்.
குட்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு
பெற்ற குரங்கு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று
பாடத்தில் இல்லை.
அந்த ஆய்வாளர்களாவது எழுதி வைத்தார்கள்.
எங்களிடம் பால் அட்டை மட்டும்தான் இருக்கிறது,
தேதி, லிட்டர், கொழுப்பு."

அதற்குக் கீழே மூன்று வரி.
எழுதி, அழுத்தி அடித்திருந்தாள்.
அடித்திருந்தான் என்றும் இருக்கலாம்.
தைத்தது நான் என்றதும் பெண் என்று எடுத்துக்கொண்டேன்.
என் வரம்பு அது.

மணி இரண்டாகியிருக்க வேண்டும்.
கடிகாரம் பார்க்கவில்லை,
மார்பு கனத்துச் சொன்னது.
ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து,
வராண்டாக் கடைசியில் தாழ்ப்பாள் இல்லாத கழிவறை.
காட்பாடியில் எட்டு மாதக் குழந்தை
என் பழைய நைட்டியைச் சுருட்டிப் பிடித்து
இந்நேரம் தூங்கியிருக்கும்.
துவைக்காமல் வைத்துவிட்டு வந்தேன்,
வாசனை போய்விடக் கூடாதென்று.
இதை எனக்கு அம்மா சொல்லித்தரவில்லை,
மாமியாரும் இல்லை.
முதுகலை முதலாண்டு, நான்காம் அலகு.
கம்பிக்கும் துணிக்கும் நடுவே
ஓடிய குட்டிகளிடம் கற்றேன்.
ஒவ்வொரு பகலும் அவற்றின் செலவில்
என் பிள்ளை அழாமல் உறங்குகிறது.

தலைமைத் தேர்வாளர் தணிகைவேலு
தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.
"மேடம், கீ-யில மாடு இல்லையே."
"இல்லை சார்."
"பார்த்துப் போடுங்க. நாலு மணிக்குள்ள கட்டு முடியணும்."

துன்பத்துக்கு இரண்டு போட்டேன்,
எடுத்துக்காட்டுக்கு ஒன்று.
மனிதருக்குப் பொருத்த முடியாது என்பதற்கு
இன்னும் இரண்டு இருக்கிறது.
அதை இந்தத் தாள் எங்குமே எழுதவில்லை.

முந்தானையை இழுத்து ஈரத்தை மறைத்துக்கொண்டு
சிவப்புப் பேனாவின் மூடியைத்
திறக்கிறேன், மூடுகிறேன்.
பக்கத்து மேசையில் யாரோ
அடுத்த கட்டின் நூலை அறுக்கிறார்கள்.