பைக்கு மட்டும் பருத்தி நூல்

போர்வெனிரில் காற்று ஓய்ந்த நாள்களை
எண்ணி வைத்திருக்கிறேன்: பதினொன்று.
மற்ற நாளெல்லாம்
நண்டுப் படகுக்காரர்களின் கால்சட்டைகள்
என் வாசல் கயிற்றில்
ஆளில்லாமல் நடந்துகொண்டிருக்கும்.

கித்தான் துணி. ஊசி பதினெட்டாம் எண்.
ஓர் ஓரத்தைப் பாதியாய்க் கத்தரித்து
மற்றதை அதன்மேல் மடித்துக் கவிழ்த்து
பிசிர் தலைகாட்டாதபடி அமுக்கி
இரண்டு ஓட்டம்.
கவட்டில் மூன்று.
குனிந்து குனிந்து கூண்டு இழுப்பவனுக்கு
கவட்டுத் தையல்தான் மானம்.
நான்கு மடிப்பும் கூடும் இடத்தில் இயந்திரம் முரண்டும்;
சுத்தியலால் தட்டிப் படியவைத்து
சக்கரத்தைக் கையால் சுற்றி
ஒவ்வொரு குத்தாகக் கடத்துவேன்.
எல்லாம் நைலான் நூல்.
எதுவிகிஸ் தைத்தால் துணிதான் சாகும், தையல் சாகாது
என்று துறைமுகத்தில் ஒரு பேச்சு.
இல்லையென்று நானும் சொன்னதில்லை.

ஜூலைக் கடைசியில் ஒனோஃப்ரே வந்தான்,
வலது கால் மாவுக்கட்டில்.
கால்சட்டையை மேசைமேல் விரித்தான்
பரிசு கொண்டுவந்தவன்போல.
கடலுக்குள் ஓடிய கயிற்றின் கொக்கி
பையின் வாயில் மாட்டியதாம்.
கூண்டு போன வழியே அவனும்.
"பாரேன், ஒரு தையல் விட்டதா?
கத்தி வைத்துத் துணியை அறுத்தபிறகுதான்
என்னை மேலே இழுக்க முடிந்தது.
உன் கையே கை!"

பையின் மூலைகள் நான் முடித்தபடியே இருந்தன.
அவற்றைச் சுற்றி
கத்தி போன தடம், கோணல்மாணலாக.
அறுத்தவனுக்குக் கை நடுங்கியிருக்கிறது.
ஒனோஃப்ரே சிரித்தான்.
கெட்டிலை அடுப்பில் வைக்க நான் திரும்பிக்கொண்டேன்.

அன்றிரவு, தைத்து அடுக்கியிருந்த
ஏழு கால்சட்டைகளின் பைகளைப் பிரித்தேன்.
என் தையலாயிற்றே, விடுமா?
பிரிஊசி இரண்டு முறை விரலில் ஏறியது.
பருத்தி நூலுக்கு மாற்றினேன். ஒற்றை ஓட்டம், நீளக் குத்து.
சுவர் ஆணியில் மாட்டி
மாவு மூட்டையைத் தொங்கவிட்டு
அறுகிறதா என்று பார்த்தேன்.
அறுந்தது. தரையெல்லாம் மாவு.
இன்னொரு முறை பார்த்தேன்.

கவட்டில் கைவைக்கவில்லை.

செப்டம்பரில் ஆரம்பித்தது புகார்.
கண் மங்கிவிட்டது என்றார்கள்,
நூலில் காசு பிடிக்கிறாள் என்றார்கள்.
பௌதிலியோவின் மனைவி
என் வாசலைத் தாண்டி, என்னைப் பார்த்தபடியே,
எதிர்க்கடைக்குத் துணி தூக்கிப் போனாள்.
நான் விளக்கவில்லை.
விளக்கினால் ஒரு காலைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

நவம்பரில் அவனே வந்தான்,
நொண்டியபடி, கோபமாக.
தொடையில், பை இருந்த இடத்தில்,
வெளுக்காத நீலத்தில் ஒரு சதுரம்.
"கயிறு பட்டதும் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.
உன் கைக்கு என்ன ஆயிற்று?"

பைக்குள் என்ன வைத்திருந்தாய்?

"சீப்பு.
பாதிப் பொட்டலம் புகையிலை."

கடல் வைத்துக்கொள்ளட்டும் என்றேன்,
மேசையறைக்குள் கைவிட்டு
கண்டைத் துழாவியபடி,
பருத்தியைத்தான்.