காற்றுக்காரன்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
பஞ்சர் கடை எனக்கு.
ஜி.எஸ்.டி. வந்தபின் லாரிகள் நிற்பதில்லை.
நிற்கிற ஒன்றிரண்டும் காற்று மட்டும் கேட்கும்.

"சிக்கந்தரு, ஒரு வேலை இருக்கு" என்று
பாறைக்களம் கோயில்பிள்ளை வந்தபோது
டயர் என்றுதான் நினைத்தேன்.

மாடியில், பாடுகிறவர்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால்,
கட்டில் அகலத்துக்கு ஒரு துருத்தி.
ஆட்டுத்தோல் மடிப்பு. பதினேழு ஓட்டை.
ஒன்பது எலியுடையது.
எவனோ பிரெஞ்சுச் சாமியார்
கப்பலில், பிறகு மாட்டுவண்டியில் கொண்டுவந்தாராம்.
வாளையாற்றில் வண்டி குடைசாய்ந்து
நாலு குழல் தண்ணீரோடு போனதாம்.
மிச்சம் இருநூற்றுத் தொண்ணூறு. எண்ணிவிட்டேன்.
பீங்கான் குமிழ் ஆறு.
ஒன்றில் இருந்ததை ஃபாதர் ஜெரோன் படித்துச் சொன்னார்:
மனிதக் குரல்.
இழுத்துப் பார்த்தோம். வண்டு.

தோலில் டியூப் ஒட்டு நிற்காது என்றார்கள்.
நின்றது.

பாரிசிலிருந்து ஒதீல் வந்தாள்.
கால்கட்டைகளை மிதிக்கவென்றே மெல்லிய ஜோடு ஒன்று
பையில் வைத்திருந்தாள்.
செருப்பு வெளியே என்றார் கோயில்பிள்ளை.
வெறுங்காலோடு ஏறினாள்.

புத்தகம் எங்கே என்று கேட்டேன்.
அவள் இங்கிலீஷ் நொண்டி, என்னுடையது பஞ்சர்,
இருந்தும் புரிந்தது:
புத்தகம் கிடையாது. ஒரு வரி கொடுத்தால் போதும்.
அவர்கள் ஊரில் கவரில் போட்டுக் கொடுப்பார்களாம்,
எல்லார் முன்னாலும் பிரித்து அப்போதே கட்டவேண்டுமாம்.
ஒருவர் அந்த வரியைத் தலைகீழாக ஏறுவார்,
ஒருவர் சன்னல் கண்ணாடி அதிர மழையாய்க் கொட்டுவார்,
கையைக் கட்டிக்கொண்டு
காலாலேயே முடிப்பவரும் உண்டு.
"நான் வரிசையை வாசிப்பவள்" என்றாள்.
நன்மை வாங்க ஆட்கள் நிற்கும்வரைதான் அவள் நீளம்.
கடைசி ஆள் உட்கார்ந்தால் நிறுத்தவேண்டும்.
பீடம் அவள் முதுகுக்குப் பின்னால்.
கடையிலிருந்து
அசோக் லேலண்டு சைடு மிரர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கவர் பெஞ்சு பெஞ்சாகப் போய்த் திரும்பியது.
பிரித்தாள்.
உள்ளே பத்து ரூபாய்த் தாள்,
யாரோ காணிக்கை என்று நினைத்திருக்கிறார்கள்.
அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நான் கைப்பிடியை அமுக்கினேன்.
அப்போது ஒரு குழல்
யாரும் தொடாமலே அழ ஆரம்பித்தது.
தடித்த, கீழான ஒரு சுரம்.
என் ரப்பர்த் துண்டு ஏதோ
உள்ளே போய்ச் சிக்கியிருக்கவேண்டும்.
கோயில்பிள்ளை குழலைத் தட்ட ஓடினார்.
ஒதீல் கையை உயர்த்தினாள்.
விடு.

அதன்மேல் ஏறினாள்.
என்ன வாசித்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.
நான் பார்த்தது நூலில் தொங்குகிற ஈயக்குண்டை;
அது மேலே ஏறினால் காற்று குறைகிறது.
அவள் நினைப்பதற்கு முன்னால் குண்டு ஏறும்,
நான் அமுக்குவேன்.
நடுவே எங்கோ நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறாற்போல் இருந்தது,
எங்கோ பனங்காட்டில் மழை,
எங்கோ ஒன்றுமே இல்லை, அந்த அழுகை மட்டும்.
கண்ணாடியில் வரிசை குறைந்தது.
கடைசியாக ஒரு கிளீனர்ப் பையன்,
கையில் கிரீஸ், நாக்கை நீட்டி வாங்கினான்.
உட்கார்ந்தான்.

அவள் கையையும் காலையும் எடுத்தாள்.

சுரம் நிற்கவில்லை.
கீழே தலைகள் திரும்பின.
அதை முடிக்க அவளால் ஆகாது.
கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்,
பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல்.
எனக்குச் சம்பளம் பேசியது கடைசி ஆள் வரைக்கும்தான்.
இன்னும் நாலு தரம் அமுக்கினேன்.
ஐந்தாவதும்.

பிறகு விட்டேன்.
உடனே அடங்கவில்லை அது.
டியூப் இறங்குகிறபோது இறங்குமே,
அப்படிச் சரிந்து, நடுங்கி, இன்னும் சரிந்து,
எந்தச் சுரமும் இல்லாமல்
வெறும் காற்றாகக் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது.
யாரோ இருமினார்.