மூன்றாவது கழுத்து

வார்டோவிலிருந்து ஹோர்னோயா தீவுக்குப் படகில் பத்தே நிமிடம்.
மே மாதம். பாறை இடுக்குகளில் இன்னும் அழுக்குப் பனி.
இறக்கிவிட்டுப் போகும்போது தோர்மோட் வழக்கம்போலச் சொல்கிறான்:
"இன்றைக்காவது ஒன்றை முடித்துக்கொண்டு வா."

வாரத்தில் ஆறு நாள் மீன் ஆலையில்
பெட்டிகளுக்கு முத்திரை குத்துகிறேன்.
அங்கே எல்லாம் முடிந்துவிடும்.
மீன் அசையாது.

நீர்க்காகம் பாதையோரமே கூடு வைத்திருக்கிறது,
கை நீட்டினால் கொத்தும் தூரம்.
கடற்பாசி, நைந்த வலைக்கயிறு, யாருடையதோ ஒற்றைக் கையுறை.
தூரத்தில் கறுப்பு. பக்கத்தில்
எண்ணெய் சிந்திய தண்ணீர்போலப் பச்சை.
கண் அதைவிடப் பச்சை.
அந்த நிறம் என் பெட்டியில் இல்லை, எந்தக் கடையிலும் இல்லை.

விரல் நுனிகளை வெட்டிய கம்பளிக் கையுறை. மூன்று பென்சில்.
அலகின் அடியிலிருந்து நெஞ்சுவரை முதல் கோடு.
பாதி வருவதற்குள் தலையைத் திருப்பிக்கொண்டது.
விட்டுவிடுகிறேன். அதே தாளில், பக்கத்திலேயே, இரண்டாவது கழுத்து.
முதுகைக் கோதுகிறது: மூன்றாவது.
கொட்டாவி விடுகிறது: நான்காவது, வெறும் அலகு.
கரகரவென்று ஒரு குரல், குடித்துவிட்டுத் தூங்குபவரின் குறட்டைபோல.
குரலை எங்கே வரைவது?

பறவைக்குப் பொறுமை கிடையாது, பழக்கம் உண்டு.
காத்திருந்தால் பழைய நிலைக்கே திரும்பும்,
நானும் பழைய கோட்டுக்குத் திரும்புவேன்,
ஐந்து அடுப்பில் ஒரே நேரத்தில் உலை வைத்தவள்போல.
வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து வரைந்தால்
எல்லாம் வாத்தாகிவிடும்.

மேல் விளிம்பிலிருந்து ஒரு கில்லிமாட் தாளில் எச்சமிட்டது.
துடைத்தால் படரும். காயட்டும் என்று விட்டேன்.
இந்தத் தாளில் தயக்கமில்லாமல் விழுந்த ஒரே கோடு அது.

அப்போதுதான் கழுகு வந்தது.
வெண்வால் ஒருமுறை மினுங்க,
பாறை முழுவதும் அவிழ்ந்து கடல்மேல் கொட்டியது,
ஆயிரமாயிரம் இறக்கை, ஒரே இரைச்சல்.
நானும் வாய் பிளந்து மேலே பார்த்தேன்.
குனிந்தபோது நீர்க்காகம் கூட்டிலேயே இருந்தது,
முதுகைக் கோதியபடி.
நல்ல பிள்ளை என்று மூன்றாவது கழுத்தை முடித்தேன்.
என்னைப் பார்த்துச் சீறியது.

எய்லிஃப் வந்தான். பல்கலைக்கழகத்துக்காகப் பறவை எண்ணுகிறவன்.
அவன் கையிலிருக்கும் கருவி தூக்கத்திலும் டிக் டிக் என்னும்.
என் குடுவைக் காப்பியை ஊற்றிக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தான்.
"இது ஐந்தா, ஒன்றா?"
"ஒன்றுதான்."
நோட்டில் ஒன்று என்று எழுதினான். மறுபடி பார்த்தான்.
"கத்தியதா?"
"முதலில் கத்தியது. அப்புறம் சீறல்தான்."
"கத்துவது ஆண். பெண்ணுக்குச் சீறல் மட்டும்தான்.
கழுகு வந்தபோது நீ மேலே பார்த்திருப்பாய்.
இவர்கள் முறை மாறிக்கொண்டார்கள்."

மூன்றாவது கழுத்தை உற்றுப் பார்க்கிறேன்.
மேல்பாதி அவன். கீழ்ப்பாதி அவள்.
சேரும் இடத்தில் கோடு இம்மியளவு உதறியிருக்கிறது.
குளிர் என்று நினைத்திருந்தேன்.

அவன் ஒன்றை அழித்து இரண்டு என்று எழுதினான்.
ஊதித் தூளைத் தட்டிவிட்டு
ரப்பரை என் பக்கம் நீட்டினான்.
நான் வாங்கவில்லை.
அவள் எழுந்தாள், காலடியில் இருந்ததை அலகால் புரட்டினாள்,
எத்தனை முட்டை என்று எய்லிஃப் எக்கிப் பார்த்தான்.
எழுந்த அந்த நொடி, வயிற்றுக்கும் கூட்டுக்கும் நடுவே
ஒரு கை அகல வெளிச்சம்:
ஆறாவதைத் தொடங்கியிருந்தேன்.

மாலைப் படகு. சூரியன் மறைகிற எண்ணமே இல்லாமல் நிற்கிறது.
தோர்மோட் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தான்,
பிறகு நேராக.
"கழுத்தாகவே இருக்கிறதே" என்றான்.