ஐஸ் கம்பெனி ஜூனியர்ஸ்

ஆம்பூர் ஐஸ் கம்பெனி ஹாக்கி அணி
எழுபத்து நாலில் பிறந்தது.
ஆள் பதினொன்று, மட்டை ஒன்பது.

என் கால் பேடுக்குத்
தோல்ஷாப் கழிவை இனாயத் திருடி வந்தான்.
மழை பெய்தால் கோல் நாறும்,
எதிரணி எட்ட நின்றே அடித்தது.

அரக்கோணம் ரயில்வே பையன்களிடம்
பதினொன்று பூஜ்யம்.
"ஆளுக்கு ஒண்ணு, பாகம் சரி"
என்றான் தேவஇரக்கம்.

ஜெயித்தது ஒரே முறை.
வாணியம்பாடிக்காரர்கள் ஏறிய பஸ்
மின்னூரில் பஞ்சர்.
முதலாளி பரிசு அனுப்பினார்:
உமி ஒட்டிய ஐஸ் பார் ஒன்று.
நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினோம்,
அக்குளுக்குள் ஒழுக ஒழுக.

எண்பத்தொன்றில் கம்பெனி மூடியது.
கணக்கு நோட்டில் எங்களுக்கு ஒரே வரி:
பந்து ஒன்று, தொலைந்தது.

தொலையவில்லை.
நான் தடுத்தது அது.
பாலாற்று முள்ளுக்குள் போனது.